ஒருவழி லிங்க்: யூடிஎல்டி அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைபர் இணைப்பில் இரண்டு இழைகள். ஒன்றில் அனுப்புகிறோம், இன்னொன்றில் பெறுகிறோம். இரண்டும் சேர்ந்து அறுந்தால் போர்ட் விழுந்துவிடும், உடனே தெரிந்துவிடும். ஒன்று மட்டும் செத்து, போர்ட் 'அப்' என்றே நின்றால்தான் ஆபத்து. தரவு சுற்றிச்சுற்றி ஓடும் லூப் வராமலிருக்க ஸ்பானிங் ட்ரீ என்ற நெறிமுறை அடைத்து வைத்திருந்த போர்ட்டுக்கு, பிபிடியு என்ற அதன் கட்டுப்பாட்டுச் செய்தி வருவது நின்றுபோகும். எதிரே யாரும் இல்லை என்று நினைத்து அந்த போர்ட் திறந்துகொள்ளும். அப்புறம் லூப், பிராட்காஸ்ட் வெள்ளம், நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிடும்.

இதைப் பிடிக்க சிஸ்கோ கொண்டுவந்ததுதான் யூடிஎல்டி (யூனிடைரக்‌ஷனல் லிங்க் டிடெக்‌ஷன், அதாவது ஒருவழி லிங்க்கைக் கண்டறிதல்). 2008-இல் ஆர்எஃப்சி 5171 என்ற இணைய நுட்ப ஆவணமாகவும் வெளியானது. ஒவ்வொரு ஸ்விட்ச்சும் தன் அடையாளம், போர்ட், அந்த போர்ட்டில் தன் காதுக்கு எட்டியவர்களின் பட்டியல் ஆகியவற்றை அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் செய்தி எனக்கு வருகிறது, ஆனால் அதிலுள்ள பட்டியலில் என் பெயர் இல்லை என்றால், நான் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லை என்று பொருள்.

முதல் தவறு, பச்சை விளக்கை நம்புவது. நடுவில் ஃபைபரையும் காப்பரையும் இணைக்கும் மீடியா கன்வர்ட்டர் இருந்தால், அதற்கு அப்பால் இழை அறுந்தாலும் இங்கே விளக்கு எரியலாம். பேட்ச் பேனலில் இழைகள் மாறிச் செருகப்பட்டு, 'அ' அனுப்புவது 'ஆ'வுக்கும், 'ஆ' அனுப்புவது 'இ'க்கும், 'இ' அனுப்புவது 'அ'வுக்கும் போனால் மூன்று போர்ட்டிலும் ஒளி இருக்கும். ஜிகாபிட் ஃபைபரில் இரு முனைகளும் தாமே பேசி இணைப்பை முடிவுசெய்யும் ஆட்டோ நெகோசியேஷன் ஒருவழிப் பழுதுகளில் பலவற்றைத் தானே பிடித்துவிடும். லிங்க் வரவில்லை என்று அதை அணைத்துவிட்டு அப்படியே மறந்துபோவது, கையிலிருந்த காவலைத் துரத்துவதற்குச் சமம்.

அடுத்தது, ஒரு முனையில் மட்டும் யூடிஎல்டியைப் போடுவது. எதிர்முனை பதில் சொல்லாவிட்டால் இதற்குச் சரிபார்க்க எதுவும் இல்லை. சிஸ்கோ ஸ்விட்ச்சில் பொதுக் கட்டளையாகக் கொடுத்தால் அது ஃபைபர் போர்ட்டுகளுக்கு மட்டுமே பொருந்தும். காப்பர் போர்ட்டுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். பலர் இங்கே ஏமாறுகிறார்கள்.

நிறையப் பேர் தொடாமல் விடுவது டைமரை. என்னைக் கேட்டால் முக்கியமான இடமே இதுதான். செய்தி இடைவெளி இயல்பாக 15 விநாடி. அதன் மூன்று மடங்கு, அதாவது 45 விநாடி, எதுவும் வராவிட்டால்தான் அண்டை ஸ்விட்ச்சின் பதிவு காலாவதியாகும். கடைசிச் செய்தி எப்போது வந்தது என்பதைப் பொறுத்து, பழுது நேர்ந்ததிலிருந்து 30 முதல் 45 விநாடி ஆகும். அக்ரெசிவ் என்ற கடுமையான முறையில் (விளக்கம் கீழே) அதன்பின் விநாடிக்கு ஒன்றாக எட்டு முறை முயன்று பார்க்கும். மோசமான நிலையில் 53 விநாடி. பழைய ஸ்பானிங் ட்ரீயில் அடைபட்ட போர்ட் திறக்க எவ்வளவு ஆகும்? பழைய தகவல் கழியும் மேக்ஸ் ஏஜ் 20, திறக்கும் முன்னான லிசனிங், லேர்னிங் என்ற இரு கட்டங்களும் தலா 15: மொத்தம் 50 விநாடி. லூப் முந்திக்கொள்ள 3 விநாடி போதும். ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீயில் இன்னும் நெருக்கடி. 2 விநாடிக்கு ஒருமுறை வரும் ஹலோ பிபிடியு மூன்று தவறினாலே, 6 விநாடியில், பழைய தகவல் கழிந்துவிடும். எதிர்முனையின் ஒப்புதல் வராததால் மேலும் 30 விநாடி காத்திருந்து போர்ட் திறக்கும்.

இடைவெளியை 7 ஆக்கினால் அதே கணக்கு 29 விநாடிக்குள் முடிந்துவிடும். இதை இரு முனையிலும் மாற்ற வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை எதிர்முனை அறிவிக்கும் இடைவெளிதான் தீர்மானிக்கிறது. நீங்கள் மட்டும் 7 வைத்து, அவர் 15-இல் இருந்தால், நீங்கள் 45 விநாடிதான் காத்திருப்பீர்கள்.

முறைகளில் குழப்பமும் சகஜம். நார்மல் முறை, ஒருவழி என்பதற்குச் சான்று கிடைத்தால் போர்ட்டை எர்-டிசேபிள் செய்யும், அதாவது பழுது என்று மூடிவிடும். வெறும் மௌனம் என்றால் 'தீர்மானிக்க முடியவில்லை' என்று குறித்துவிட்டு போர்ட்டை அப்படியே விடும். அக்ரெசிவ் முறை மௌனத்தையே பழுதாக எடுத்துக்கொண்டு மூடும். அதனால் எல்லா இடத்திலும் அக்ரெசிவ் போடுவது சரியல்ல. எதிர் ஸ்விட்ச்சின் சிபியு திணறி செய்தி அனுப்பத் தவறினாலும் நல்ல லிங்க் மூடப்படும். லூப் வந்தால் தாங்காத ஃபைபர் லிங்க்குகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். கூடவே, பிபிடியு நின்றாலும் அடைபட்ட போர்ட்டைத் திறக்கவிடாத லூப் கார்டையும் போடுங்கள், இரண்டும் வெவ்வேறு கோணத்தில் காவல் காப்பவை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அக்ரெசிவ் முறைகூட, ஒருமுறையாவது அண்டை ஸ்விட்ச்சைக் கண்டு, பிறகு இழந்தால்தான் மௌனத்துக்காக மூடும். ஆரம்பத்திலிருந்தே எதுவும் கேட்காத போர்ட்டை அது மூடாது. ஆகவே அமைத்த கையோடு இரு முனையிலும் நிலையைப் பாருங்கள். 'பைடைரக்‌ஷனல்' என்று வந்திருக்க வேண்டும்.

கடைசியாக, தானியங்கி மீட்பு. யூடிஎல்டிக்கு எர்-டிசேபிள் ரிகவரியை இயக்கினால், இயல்பாக 300 விநாடிக்கு ஒருமுறை போர்ட் திறக்கும். பழுது அப்படியே இருந்தால் ஒவ்வொரு முறையும் அதே பழுதான இழையோடு அது மேலே வரும். அதை அணைத்து வையுங்கள். மூடிய போர்ட்டைத் திறக்கும் முன், இரு முனையிலும் ஒளியை அனுப்பிப் பெறும் கருவியான டிரான்ஸீவர் பெறும் ஒளியின் அளவைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் கனெக்டர் முனையைத் துடைத்து, பேட்ச் கார்டை மாற்றி, அளவு தேறிய பிறகே யூடிஎல்டி ரீசெட் கொடுங்கள்.