ஃபெருலிக் அமிலம் சேர்த்த வைட்டமின் சி சீரம்: வீட்டிலேயே செய்யும் முறை

சன்ஸ்கிரீன் பூசியிருந்தாலும் புற ஊதாக் கதிரில் ஒரு பங்கு தோலுக்குள் போகத்தான் செய்கிறது. போன இடத்தில் ஃப்ரீ ராடிக்கல்களை (செல்களைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுகளை) கிளப்பிவிடும். தோலை உறுதியாக வைக்கும் கொலாஜன் புரதம் சிதைவதிலும் கருந்திட்டு விழுவதிலும் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றை மடக்கச் செடிகளிடம் இருக்கும் மூன்று பொருள்களைச் சேர்த்து ஒரு சீரம் செய்யப்போகிறோம்: வைட்டமின் சி, வைட்டமின் ஈ, ஃபெருலிக் அமிலம்.

அளவுகள் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகின்றன. 15% வைட்டமின் சி, 1% வைட்டமின் ஈ கலந்த கரைசல், பன்றித் தோலில் ஏறத்தாழ 4 மடங்கு பாதுகாப்புத் தந்தது. அதில் 0.5% ஃபெருலிக் சேர்த்ததும் அது ஏறத்தாழ 8 மடங்கானது. அந்த அரை சதவீதத்துக்காகத்தான் இத்தனை வேலையும். ஆனால் இது சன்ஸ்கிரீனுக்கு அடியில் பூசுவதற்கானது. அதற்கு மாற்று ஆகாது.

ஃபெருலிக்கை முதலில் பிரித்தெடுத்தது 1866-இல், பெருங்காயப் பிசினிலிருந்து. இன்று அரிசித் தவிட்டிலிருந்து எடுக்கிறார்கள். அதற்காகத் தவிட்டையோ அரிசி மாவையோ முகத்தில் தேய்த்தால் பலன் வந்துவிடாது. தவிட்டில் அது செல் சுவரோடு இறுகப் பிணைந்திருக்கிறது. எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஃபியூரனோகூமரின்கள் வெயில் பட்டதும் தோலைக் கொப்புளிக்க வைக்கும்.

50 கிராம் சீரத்துக்கு வேண்டியவை

எல்-அஸ்கார்பிக் அமிலத் தூள் (வைட்டமின் சி) 7.5 கிராம்
ஃபெருலிக் அமிலம் 0.25 கிராம்
வைட்டமின் ஈ (டி-ஆல்ஃபா டோகோஃபெரால்) 0.5 கிராம்
எத்தாக்ஸிடைகிளைக்கால் (ஃபெருலிக்கைக் கரைக்கும் திரவம்) 7.5 கிராம்
புரோப்பிலீன் கிளைக்கால் (இதுவும் கரைக்கும் திரவம்) 2.5 கிராம்
பாலிசார்பேட் 80 (எண்ணெயையும் நீரையும் சேர்த்து வைப்பது): 1.5 கிராம்
ஃபீனாக்ஸி எத்தனால் (கெடாமல் காப்பது) 0.5 கிராம்
காய்ச்சி வடித்த நீர் 29.75 கிராம்

வைட்டமின் ஈ வாங்கும்போது லேபிளில் 'அசிடேட்' என்று இருந்தால் விட்டுவிடுங்கள். மருந்துக்கடை கேப்ஸ்யூல்களில் பெரும்பாலும் இருப்பது அதுதான். ஆய்வில் பயன்பட்டது டோகோஃபெரால். நீரில் சமரசம் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் துளி இரும்பும் செம்பும் வைட்டமின் சி-யை வேகமாகக் கெடுத்துவிடும், ஆர்.ஓ. தண்ணீரையும் நம்ப முடியாது. பாத்திரம் கண்ணாடியாக இருக்கட்டும். எடை பார்க்க 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு போதும். கரண்டிக் கணக்கை நான் ஏற்பதில்லை: கால் கிராம் ஃபெருலிக்கைக் கரண்டியால் அளக்கவே முடியாது.

படி 1. எத்தாக்ஸிடைகிளைக்காலையும் புரோப்பிலீன் கிளைக்காலையும் ஒரு சின்ன பீக்கரில் ஊற்றி, வெந்நீர்க் கிண்ணத்தில் வையுங்கள். ஃபெருலிக்கைத் தூவி, ஒரு துகள்கூடத் தெரியாத வரை கிளறுங்கள். சிலர் புரோப்பிலீன் கிளைக்காலை மட்டும் வைத்தே செய்கிறார்கள். விலை குறைவுதான், ஆனால் ஆறியதும் ஃபெருலிக் திரும்பப் படிகமாகிவிடும். செலவைப் பார்க்காமல் எத்தாக்ஸிடைகிளைக்கால் வாங்குங்கள்.

படி 2. இதோடு வைட்டமின் ஈ, பாலிசார்பேட், ஃபீனாக்ஸி எத்தனால் மூன்றையும் சேர்த்துக் கலக்கி, அறைச் சூட்டுக்கு ஆறவிடுங்கள்.

படி 3. வேறொரு பீக்கரில் நீரை எடுத்து அஸ்கார்பிக் அமிலத்தைக் கரையுங்கள். சூடாக்கக் கூடாது.

என்னை நெடுநாள் நிறுத்தி வைத்தது இந்த இடம்தான். எல்லாம் சரியாகக் கரைந்திருக்கும். இரண்டையும் சேர்த்த மறுநிமிடம் அடியில் வெள்ளையாகப் படியும். காரணம் இதுதான்: அஸ்கார்பிக் அமிலம் கரையும்போது நீரின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. பீக்கரைத் தொட்டாலே சில்லென்று இருக்கும். ஃபெருலிக்கோ குளிர்ந்த நீரில் கரையவே கரையாத பொருள். அதனால் கரைத்த பீக்கரை மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்துக் காத்திருங்கள். கையால் தொட்டால் சில்லிப்பு இருக்கக் கூடாது. அதற்குப் பிறகே அடுத்த படி.

படி 4. நீர்க் கரைசலைக் கிளைக்கால் கலவையில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். மொத்தமாகக் கவிழ்த்தால் மறுபடி படியும். பாதி சேர்ந்த பிறகு கொஞ்சம் வேகம் கூட்டலாம். லேசான மங்கல் இருந்தால் பரவாயில்லை, அது வைட்டமின் ஈ.

படி 5. பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) பாருங்கள். லிட்மஸ் தாள் உதவாது, அது அமிலமா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். எண் காட்டும் பட்டை அல்லது மீட்டர் வேண்டும். இந்தக் கலவை 2.5-க்கும் கீழே இருக்கும், தோலை எரிக்கும். சமையல் சோடாவைக் கொஞ்சம் வடிநீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். நுரை அடங்கிய பிறகு மறுபடி பாருங்கள். 3-க்கு வந்ததும் நிறுத்திவிடலாம். 3.5-ஐத் தாண்டினால் வைட்டமின் சி தோலுக்குள் போவது குறைந்துவிடும்.

அடர்பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதலில் முழங்கை உட்புறத்தில் ஒரு சொட்டுப் பூசி, 2 நாள் பாருங்கள். எக்ஸிமாவோ (அரிப்போடு வரும் தோல் அழற்சி) ரோசேசியாவோ (முகம் சிவக்கும் தோல் நோய்) இருப்பவர்கள் தோல் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். காலையில் முகம் கழுவித் துடைத்து 4, 5 சொட்டு, அது உலர்ந்ததும் சன்ஸ்கிரீன்.

பின்சேர்ப்பு 1: ஃப்ரிட்ஜில் வைத்ததும் ஊசி ஊசியாகப் படிகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அடுப்பில் சூடாக்கிக் கரைக்காதீர்கள், வைட்டமின் சி போய்விடும். அடுத்த முறை எத்தாக்ஸிடைகிளைக்காலை 10 கிராமாக்கி, நீரில் 2.5 கிராம் குறைத்துவிடுங்கள்.

பின்சேர்ப்பு 2: நிறம் பற்றிய கேள்விதான் அதிகம் வருகிறது. வெளிர் வைக்கோல் நிறம் சரி. ஆரஞ்சு ஆனால் வைட்டமின் சி ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டது; தோலிலும் நகத்திலும் தலையணை உறையிலும் கறை விழும். விலையை நினைத்துத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். ஒரே தடவையில் நிறையச் செய்து வைக்காமல் 25 கிராமாகச் செய்துகொள்வது நல்லது. மேலே கொடுத்த அளவுகளை எல்லாம் பாதியாக்கினால் போதும்.