கார் கண்ணாடி ரிப்பேருக்கு வாடிக்கையாளர் பிடிப்பது எப்படி? கடலூர் – பாண்டி வட்டாரத்துக்கு

முன்கண்ணாடியில் கல் அடித்த புள்ளியை ரெசின் (திரவப் பிசின்) வைத்து அடைக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு, கருவியும் வாங்கிவிட்டு, "வேலை தெரியும், வண்டிதான் வரமாட்டேங்குது" என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கான பதிவு இது. ரிப்பேர் செய்வது எப்படி என்று இதில் சொல்லப்போவதில்லை. பிரிட்ஜ் (கண்ணாடியில் பிடித்து நிற்கும் தாங்கி), இன்ஜெக்டர் (ரெசினைப் புள்ளிக்குள் ஏற்றுவது), யு.வி. விளக்கு (ரெசினை இறுக வைப்பது) எல்லாம் கைக்குப் பழகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

டயர் பஞ்சரானால் பஞ்சர் கடையைத் தேடுவார்கள். கண்ணாடியில் புள்ளி விழுந்தால் யாரும் எதையும் தேடுவதில்லை. அதை அடைக்க முடியும் என்பதே பலருக்குத் தெரியாது. புள்ளி கோடாக ஓடி, கண்ணாடியின் பாதிக்கு வந்த பிறகுதான் விசாரிக்கக் கிளம்புவார்கள். அப்போது கண்ணாடியை மாற்றுவதுதான் ஒரே வழி, நமக்கு அதில் வேலை இல்லை. அதனால் வண்டிக்காரரை நேராகத் தேடுவது வீண். அவருக்கு முன்னால் அந்தப் புள்ளியைப் பார்க்கிற ஆள் யார் என்று பாருங்கள். அவரைப் பிடித்தால் போதும்.

படி 1: எது நம் வேலை, எது இல்லை

முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அதனால்தான் கல் பட்டால் வெளித்தகட்டில் மட்டும் புள்ளி விழுந்து நிற்கிறது, நாமும் அடைக்க முடிகிறது. கதவுக் கண்ணாடி பெரும்பாலான வண்டிகளில் டஃபன்ட் வகை. உடைந்தால் கற்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும், அதில் செய்ய ஒன்றுமில்லை. பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். நாணயத்தைப் புள்ளியின் மேல் வைத்தால் புள்ளி முழுசாக மறைய வேண்டும், அப்போதுதான் அது நம் வேலை. ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே இருப்பது, விளிம்பை ஒட்டி இருப்பது, உள்தகடு வரை போனது, கேமரா பொருத்திய வண்டியில் கேமராவுக்கு முன்னால் இருப்பது, இவற்றை எடுக்காதீர்கள். நமக்கு ஆள் அனுப்பப் போகிறவர்களுக்கும் இதே கணக்கைத்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறோம்.

படி 2: கல் எங்கே அடிக்கிறது?

வானூர், திருவக்கரை பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் பாண்டியைச் சுற்றி ஓடுகின்றன. சாலை வேலைக்காக வெட்டிப் போட்ட இடங்களில் சாலையோரம் பொடிக்கல் கிடக்கும். முன்னால் போகும் பஸ் டயர் அதைத் தெறிக்கவிடும். சனி ஞாயிறில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் போய்வந்த டிராவல்ஸ் வண்டிகளைத் திங்கள் காலையில் பார்த்தால் புதுப் புள்ளி ஒன்றாவது தேறும். கார்த்திகை பிறந்து சபரிமலை சீசன் தொடங்கினால் வேன்காரர்களுக்கு ஓய்வே கிடையாது. தை பிறந்ததும் அந்த வேன்களை ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு இடம் முள்ளோடை. பாண்டியில் பெட்ரோல் விலை குறைவு என்பதால் கடலூர் வண்டிகள் எல்லை தாண்டி முள்ளோடை, கன்னியகோயில் பங்குகளில் வந்து நிரப்பிக்கொண்டு போகும். டிஎன் 31 வண்டியும் பிஒய் 01 வண்டியும் ஒரே வரிசையில் நிற்கிற இடம் இதுதான். (எல்லை தாண்டி வேறு எதற்கும் வருவார்கள்தான், அந்த வரிசையில் கண்ணாடி பார்க்கப் போகாதீர்கள்.) பங்க் ஓரத்தில் காற்று பிடிப்பவரிடம் பேசி வையுங்கள்.

படி 3: வாட்டர் வாஷ்காரர்தான் உங்கள் முதல் ஆள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

கண்ணாடியை அரையடி தூரத்தில் வைத்து, துணியால் தடவிப் பார்க்கிற ஆள் வாட்டர் வாஷில் வேலை செய்யும் தம்பிதான். வண்டிக்காரர் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்ப்பார், கண்ணாடியைப் பார்க்கமாட்டார். மெக்கானிக் பானட்டைத் திறந்ததும் கண்ணாடி மறைந்துவிடும். அதனால் மஞ்சக்குப்பத்திலிருந்து மரப்பாலம் வரை, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று வழியில் இருக்கிற வாட்டர் வாஷ் ஒவ்வொன்றிலும் இறங்குங்கள். கூட்டமில்லாத நேரமாகப் போங்கள், செவ்வாய் புதன் மதியம் நல்லது. ஞாயிறு காலையில் போய் விசிட்டிங் கார்டு நீட்டினால் அது ஈரத்தரையில்தான் கிடக்கும்.

முதலாளியிடம் பேசிவிட்டுத்தான் தம்பியிடம் பேச வேண்டும். முதலாளிக்குத் தெரியாமல் பையனுக்குக் காசு கொடுத்தால் ஒருநாள் விஷயம் வெளியே வரும், பையனுக்கு வேலை போகும், உங்களுக்கு அந்த வாசல் மூடும். நான் ஒரு வண்டிக்கு முதலாளி முன்னாலேயே நூறு ரூபாய் என்று பேசிவிடுகிறேன். அதை எப்படிப் பங்கு வைப்பது என்பது அவர்கள் பாடு. வேலை முடிந்த அன்று மாலையே ஜிபேயில் போய்விட வேண்டும். "மாசக் கடைசியில சேர்த்துத் தரேன்" என்றால் இரண்டாவது வண்டி வராது.

இப்போது முக்கியமான சங்கதி. "கல் அடி இருந்தா எனக்கு போன் பண்ணு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் என்ன ஆகும்? பையன் வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவி, கண்ணாடியைத் துடைத்து, பாலிஷும் போட்டு, அப்புறம்தான் புள்ளியைப் பார்த்து உங்களைக் கூப்பிடுவான். அதற்குள் பிரஷர் தண்ணீர் ஷாம்புவையும் அழுக்கையும் விரிசலுக்குள் ஏற்றியிருக்கும். தண்ணீரைக் காயவைத்துவிடலாம். உள்ளே காய்ந்துபோன ஷாம்புவும் மெழுகும் லேசில் வராது. ரெசின் சரியாகப் பிடிக்காமல், அடைத்த இடம் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். எனக்கு ஆரம்பத்தில் வாட்டர் வாஷ் வழியாக வந்த வண்டிகள் எல்லாம் இப்படித்தான் வந்தன. வேலை நன்றாக அமையவில்லை, சொல்லி அனுப்பியவருக்கும் பேச்சு.

அதற்கு வழி டேப். அகலமான ஒளிபுகும் செல்லோ டேப் ஒரு ரோல் ஒவ்வொரு கடையிலும் கொடுத்து வைத்திருக்கிறேன். வண்டி உள்ளே வந்ததும், தண்ணீர் அடிக்கும் முன், ஈரமில்லாத கண்ணாடியில் கை வைத்துத் தடவச் சொல்லுங்கள். நகத்தில் தட்டுப்படும் புள்ளியின் மேல் டேப் ஒட்டிவிட்டு, கன் தண்ணீரை அந்த இடத்தில் நேராக அடிக்காமல் கழுவட்டும். வண்டிக்காரர் வந்ததும், "அண்ணா, கண்ணாடில கல் அடிச்சிருக்கு, தண்ணி போகாம டேப் ஒட்டிருக்கேன், பிரிச்சிடாதீங்க" என்று ஒரே வரி சொன்னால் போதும். இதில் விற்பனைப் பேச்சே இல்லை, பையனுக்கும் கூச்சமில்லை. அடுத்த கேள்வியை வண்டிக்காரரே கேட்பார்: "இதை என்னப்பா பண்றது?" அப்போது உங்கள் நம்பர் போகட்டும்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எல்லா வாட்டர் வாஷிலும் தெரு வரை வண்டி நிற்கும். புது டேப் ரோல்களோடு அதற்கும் முன்னால் ஒரு சுற்றுப் போய்வாருங்கள். பூஜையன்று போய் நின்றால் பொரியும் சுண்டலும்தான் கிடைக்கும்.

படி 4: வாட்ஸ்அப்பில் படம் வாங்குவது

போன் வந்தவுடன் கிளம்பக் கூடாது. "சின்னப் புள்ளிதாங்க" என்று சொல்லுவார், நெல்லிக்குப்பம் வரை போய்ப் பார்த்தால் முழங்கை நீளக் கோடாக இருக்கும். படம் அனுப்பச் சொல்லுங்கள்.

ஆனால் சும்மா எடுத்த படத்தில் புள்ளி தெரியாது. போன் கேமரா கண்ணாடியை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் சீட்டையோ மரத்தையோ பிடித்துக்கொள்ளும். அதற்காக ஒரு குறிப்பை வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதிலாகச் சேமித்து வைத்திருக்கிறேன்: வண்டியை நிழலில் நிறுத்துங்கள், உள்பக்கம் புள்ளிக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி பிடியுங்கள், பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தை டேப்பால் ஒட்டுங்கள், திரையில் புள்ளியைத் தொட்டுவிட்டு எடுங்கள். இரண்டாவது படம் தள்ளி நின்று, கண்ணாடி முழுசும் தெரிகிற மாதிரி. முதல் படத்தில் அளவு தெரியும், இரண்டாவதில் இடம் தெரியும். வண்டியைப் பார்க்காமலே முடியும், முடியாது என்று சொல்லிவிடலாம்.

முடியாது என்றால் உடனே சொல்லிவிடுங்கள், கண்ணாடி மாற்றும் நல்ல கடை ஒன்றின் பெயரையும் சேர்த்து. அந்தக் கடைக்காரர் நாளைக்கு மாற்றத் தேவையில்லாத சிறு புள்ளியை உங்களிடம் அனுப்புவார்.

"அடைச்சா தெரியவே தெரியாதா?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. தெரியும். ஒரு சிறு தழும்பு இருக்கும். விரிசல் ஓடாமல் நிறுத்துவதற்குத்தான் காசு, கண்ணாடியைப் புதிதாக்குவதற்கு இல்லை. வேலை நடக்கும்போது கோடு ஓடிவிடும் வாய்ப்பும் கொஞ்சம் உண்டு. இரண்டையும் கருவியை எடுக்கும் முன்னால் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள்.

படி 5: இன்சூரன்ஸ் கணக்கு

"இன்சூரன்ஸ்ல ஃப்ரீயா மாத்திக்கிறேன்" என்பார்கள். மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் இருந்தால் கண்ணாடிக்கு ஒன்றும் கிடைக்காது. முழுப் பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்கமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் க்ளெய்ம் போட்டால் என்.சி.பி. (நோ க்ளெய்ம் போனஸ், க்ளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) சலுகை போய்விடும். அது க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்கு ஏற்ப 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய், இப்போது 35 சதவீதச் சலுகையில் இருக்கிறார். க்ளெய்ம் இல்லாவிட்டால் அடுத்த புதுப்பித்தலில் 45 சதவீதம், அதாவது 3,600 ரூபாய் மிச்சம். க்ளெய்ம் போட்டால் அது பூஜ்யம். 1,500 சி.சி. வரை உள்ள காரில் கட்டாயக் கழிவு (க்ளெய்மில் வண்டிக்காரரே ஏற்க வேண்டிய தொகை) வேறு 1,000 ரூபாய், 1,500 சி.சி.க்கு மேல் என்றால் 2,000. ஆக 1,500 சி.சி.க்கு உட்பட்ட காரில் இலவசக் கண்ணாடிக்கு அவர் கையை விட்டுப் போவது 4,600 ரூபாய். சலுகையைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் இந்தக் கணக்கு மாறும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு வண்டிக்காரரைவிட இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்குச் சீக்கிரம் புரியும். பாலிசி காலாவதியாகி மறுபடி எடுக்கும்போது வண்டியைப் படம் பிடிப்பார்கள், கண்ணாடியில் உடைசல் இருந்தால் குறித்துக்கொள்வார்கள். அந்தத் தலைவலி ஏஜென்ட்டுடையது. திருப்பாதிரிப்புலியூரில் நாலு ஏஜென்ட், பாண்டியில் நாலு ஏஜென்ட் பழக்கமானால் போதும். கமிஷன் கேட்பவர் குறைவு, வாடிக்கையாளர் தன்னை விட்டுப் போகக் கூடாது என்பதே அவர்கள் கவலை.

படி 6: கூகுள் மேப்

இதைப் பற்றி ஆயிரம் வீடியோ இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். கடை இல்லாமல் நேரில் போய்ச் செய்பவர் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, சேவைப் பகுதி என்று ஊர்களைச் சேர்க்கலாம். 20 வரை இடம் உண்டு. பெயரில் "கடலூர் பெஸ்ட் கிளாஸ் ரிப்பேர்" என்று ஊரையும் பெருமையையும் திணிக்காதீர்கள், விதிக்குப் புறம்பு. சரிபார்ப்புக்கு வீடியோ கேட்டால் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள்: தெருப் பெயர்ப்பலகை, வண்டியில் உங்கள் பெயர், கருவிப் பெட்டியைத் திறந்து காட்டுவது. மதிப்புரைக்குக் காசோ தள்ளுபடியோ கொடுக்காதீர்கள். "எந்த ஊர்ல வந்து செஞ்சு கொடுத்தேன்னு எழுதுங்க" என்று மட்டும் கேளுங்கள்.

நோட்டீஸ் அடிப்பது, பேஸ்புக் விளம்பரம், கேபிள் டிவியில் ஓடும் வரி, இதெல்லாம் என் கணக்கில் தண்டம். புள்ளி இல்லாத நூறு பேருக்குச் சொல்லி என்ன பயன்? அந்தக் காசுக்கு டேப் வாங்கலாம்.

பிற்சேர்க்கை

பதிவு வந்த பிறகு இரண்டு கேள்வி திரும்பத் திரும்ப வந்ததால் சேர்க்கிறேன்.

ஒன்று, டிராவல்ஸ்காரர்கள் கடன் சொல்கிறார்கள் என்பது. ஆமாம், சொல்வார்கள். நான் கடன் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. ஐந்து புள்ளிக்கு முன்பணம் கட்டினால் ஆறாவது இலவசம் என்று பேசுகிறேன். பத்து வண்டி வைத்திருப்பவருக்கு அது லாபமாகத் தெரிகிறது, எனக்குத் திங்கட்கிழமை வசூலுக்கு அலைய வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. பில் கேட்கும் பெரிய டிராவல்ஸாக இருந்தால் வேலைக்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, ஐப்பசி கார்த்திகையில் என்ன செய்வது? வெட்டவெளியில் செய்ய முடியாது, விரிசலுக்குள்ளும் ஈரம் நிற்கும். அதைக் காயவைக்காமல் ரெசின் ஏற்றினால் வேலை கெடும். கூரை போட்ட வாட்டர் வாஷ் ஒன்றில் மழைக்காலத்துக்கு மட்டும் ஒரு ஓரம் கேளுங்கள். மழையில் அவர்களுக்கும் வண்டி வருவதில்லை, இடம் சும்மாதான் கிடக்கும். மற்ற கடைகளில் டேப் ஒட்டிய வண்டிகளுக்கும் அந்த இடத்தின் லொக்கேஷனையே அனுப்பிவிடுங்கள்.