பக்கத்து வீட்டு நாயோடு மல்லுக்கட்டும்போது செய்யும் தவறுகள்

நாய் குரைத்ததும் ஜன்னலைத் திறந்து "ஏய், சும்மா இரு!" என்று கத்துவோம். அதன் காதுக்கு அது அதட்டலாகப் படாது. துணைக்கு இன்னொரு குரல் சேர்ந்துவிட்டது என்று உற்சாகமாகத் தொடரும். கேட் அருகே நின்று குரைக்கும் நாய்க்கு வேறொரு கணக்கும் உண்டு: 'குரைத்தேன், ஆள் போய்விட்டான்.' நாம் நம் வேலையைப் பார்த்துத்தான் கடந்து போனோம் என்பது அதற்கு எப்படித் தெரியும்? தினமும் ஜெயித்துப் பழகிய நாய் தானாக ஓயாது. அதனால் பேச வேண்டியது அதை வளர்ப்பவரிடம்தான்.

அங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ராத்திரி 11 மணிக்குக் கொதிப்போடு போய்க் கதவைத் தட்டினால், பேச்சு நாயை விட்டுவிட்டு "நீங்க மட்டும் யோக்கியமா?" என்று மனிதர்கள் பக்கம் திரும்பிவிடும். இத்தனைக்கும் அவருக்கு விஷயமே தெரியாமல் இருக்கலாம். பல நாய்கள் வீட்டில் ஆள் இல்லாதபோதுதான் தனிமை தாங்காமல் ஊளையிடும். அவர் திரும்பி வந்து பார்ப்பதெல்லாம் வாலாட்டும் செல்லத்தை. ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வையுங்கள், போனில் ஒலியைப் பதிவு செய்யுங்கள். பிறகு பகலில், "நீங்க கிளம்பினதும் ரெண்டு மணி நேரம் விடாம அழுதுகிட்டே இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். 'உங்க நாய் தொல்லை' என்பதைவிட இது எடுபடும்.

வாயடைக்க பிஸ்கட் வீசுவது இன்னொரு வம்பு. குரைத்தால் பிஸ்கட் வரும் என்று அது கற்றுக்கொள்ளும். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று இனிப்பு கலந்த மிட்டாய் எல்லாம் நாய்க்கு நஞ்சு. நல்லெண்ணத்தில் போட்டாலும் பழி நம் தலையில்தான். நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும் கருவியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்குச் சுமார் 45,000 வரை. குரைக்காத நாய்களும் சேர்ந்து வதைபடும்.

அவிழ்ந்து வந்த நாயைக் கண்டு ஓடாதீர்கள், முறைக்காதீர்கள். பார்வையைத் தாழ்த்தி அசையாமல் நின்று, மெல்ல விலகுங்கள். வாலாட்டுகிறதே என்று கை நீட்டவும் வேண்டாம். விறைத்து நிற்கும் உடம்பில் வாலாடினால் அது நட்பல்ல.

கடித்துவிட்டால், "வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கோம்" என்பதைக் கேட்டுச் சும்மா இருப்பதுதான் மிக ஆபத்தானது. ரேபிஸ் அறிகுறி தென்பட்டபின் பிழைப்பது மிக மிக அரிது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள். தடுப்பூசிச் சான்றிதழை அவர்கள் தேடி எடுத்துத் தரட்டும். அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம்.