காது மட்டும் தனியாகக் கெடுவதில்லை: ஜாக்ஹாமர் வேலையில் நடக்கும் தவறுகள்

கல்குவாரியில் ஜாக்ஹாமர் (காற்றழுத்தத்தில் பாறையைக் குத்தித் துளைக்கும் கருவி) பிடித்துக் குழி போடுபவரிடம் காதைப் பற்றிக் கேளுங்கள். "அதெல்லாம் பழகிப் போச்சு" என்பார். முதல் தவறு அந்தப் பதில்தான். காது எந்தச் சத்தத்துக்கும் பழகுவதில்லை. சாயங்காலம் காதுக்குள் 'கொய்ங்' என்று இரைந்து காலையில் அடங்கிவிடுகிறதா? உள்காதின் நுண்செல்கள் அடிபட்டு, எப்படியோ தேறியிருக்கின்றன என்று பொருள். தினமும் அடித்தால் ஒருநாள் தேறாது. செத்த செல் திரும்ப முளைக்காது. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகள், அதாவது கீச்சென்று கேட்பவை. அதனால் பேசுவது கேட்கும், சொல் பிடிபடாது. சட்டையைக் கேட்டால் கட்டையை எடுத்து நீட்டுவார்.

அடுத்த தவறு, சத்தத்தை மட்டும் கணக்கில் எடுப்பது. அதே ஆளின் கை நாள் முழுக்க அதிர்கிறது. இப்படி அதிரும் கருவி பிடிப்பவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை, அமெரிக்காவின் இண்டியானா சுண்ணாம்புக்கல் குவாரிகளில் 1918-லேயே மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் பதிவு செய்துவிட்டார். பிறகு ஃபின்லாந்தில் மரம் அறுக்கும் செயின்சா பிடிக்கும் காட்டுத் தொழிலாளர்களைச் சோதித்தபோது இன்னொன்று தெரிந்தது: விரல் வெளுத்தவர்களுக்குக் காதும் கூடுதலாகக் கெட்டிருந்தது. அதிர்வால் விரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும்போது உள்காதின் நுண்குழாய்களும் சேர்ந்து சுருங்குகின்றன என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம்.

நம் ஊர் வெயிலில் விரல் வெளுப்பது கண்ணில் படாமலே போகலாம். வெளுக்கவில்லை, அதனால் பாதிப்பில்லை என்று இருந்துவிடாதீர்கள். ராத்திரி விரல் மரத்துப்போகிறதா, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறதா என்று பாருங்கள்.

"90 டெசிபல் சத்தம், 8 மணி நேரம், எல்லாம் அனுமதித்த அளவுக்குள்தான்" என்று மேஸ்திரி சொல்வார். ஜாக்ஹாமர் பக்கத்தில் அந்த அளவே நிற்காது, அது வேறு கதை. நின்றாலும், அது சத்தத்தை மட்டும் வைத்துப் போட்ட அளவு. அதிர்வும், வெயிலும், ஜாக்ஹாமருக்குக் காற்று தரும் கம்ப்ரசரின் டீசல் புகையும் அதில் சேரவில்லை. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, சத்தத்தோடு சேர்ந்தால் காதை அதிகம் கெடுக்கிறது என்று எலிகளில் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. கம்ப்ரசரின் புகைக்குழாயை ஆள் நிற்கும் பக்கம் திருப்பி வைப்பதை எத்தனையோ இடத்தில் பார்க்கலாம். அதை மறுபக்கம் திருப்பி வைக்கக் காசா பணமா?

பாதுகாப்புச் சாமான்களும் ஒன்றை ஒன்று கெடுக்கும். கண்ணாடியின் காம்பு, காதை வெளியே மூடும் இயர்மஃபின் மெத்தைக்கு அடியில் போனால் அந்த இடுக்கு வழியே சத்தம் நுழையும். வியர்வையில் மஃப் வழுக்கும், உடனே கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். இந்தக் கணக்கைப் பாருங்கள்: 30 டெசிபல் குறைக்கும் காது அடைப்பானை 8 மணி நேர வேலையில் அரை மணி நேரம் மட்டும் கழற்றினால், அன்றைக்குக் கிடைத்த மொத்தப் பாதுகாப்பு ஏறக்குறைய 12 டெசிபல்தான். வெயில் காலத்தில் மஃபைவிட, காதுக்குள் செருகும் ஃபோம் அடைப்பான் தேவலை. அழுக்கில்லாத கையால் மெல்லிசாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் பிடிக்க வேண்டும். வெறும் பஞ்சை நம்பாதீர்கள்.

அப்புறம் பிடி. இறுக்கிப் பிடித்தால் கட்டுப்பாடு கூடும் என்று நினைக்கிறோம். கைக்குள் ஏறும் அதிர்வுதான் கூடுகிறது. மழுங்கிய பிட்டோடு (துளைக்கும் முனை) மல்லுக்கட்டினால் ஒவ்வொரு குழிக்கும் அதிக நேரம் அதிர்வும் சத்தமும் வாங்க வேண்டும். இடைவேளையில் பீடி பற்றவைத்தால், ஏற்கெனவே சுருங்கிய குழாய்கள் இன்னும் சுருங்கும்.

கடைசியாக, வேலை முடிந்த கையோடு காது பரிசோதனைக்குப் போகாதீர்கள். தற்காலிக மந்தமும் நிரந்தரப் பாதிப்பும் அதில் கலந்துவிடும். குறைந்தது 14 மணி நேரம் இரைச்சலில்லாமல் இருந்துவிட்டு, காலையில் வேலைக்கு முன்னால் போங்கள். போகும்போது விரல் மரத்துப்போவதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். காதுக்கு வந்தவரிடம் கையைப் பற்றி அவராகக் கேட்பது அரிது.