விடுதலைப் போரில் களம் கண்டவர்களுக்கு ஒரு படைவிருது: கோரிக்கை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கோட்டையூரில் ஒரு பழைய வீட்டு முகப்பில் இளைஞர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் போரிட்டவர்களுக்கென்று மத்திய அரசு தனியாக ஒரு படைவிருதை நிறுவ வேண்டும், மறைந்தவர்களின் குடும்பங்களுக்கும் அதை வழங்க வேண்டும் என்று கோரிக்கை தயாரிக்கிறார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வரைவை வாசிக்க வாசிக்க எனக்கு நெஞ்சு பதறியது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதிய அதே வரிகள், அதே ஓட்டைகளோடு அங்கே இருந்தன. அன்று அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுத்துப் பிழை, தேதிப் பிழை போன்றவற்றை யாரும் திருத்திக் கொடுத்துவிடுவார்கள். அவற்றுக்குள் நான் போகவில்லை.

பதக்கத்தின் படத்தில் தொடங்குவது

பாயும் புலி, மூவண்ண ரிப்பன். அந்தப் பிள்ளைகள் விதி எழுதுவதற்கு முன்பே படத்தை வரைந்து வண்ணமும் தீட்டிவிட்டார்கள். காவி, வெள்ளை, பச்சை ரிப்பன் ஏற்கெனவே ஒரு பதக்கத்துக்குப் போய்விட்டது. 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தியப் படைகளில் பணியில் இருந்தவர்களுக்கு வழங்கப்பட்ட இந்திய விடுதலைப் பதக்கம் அது. நேதாஜியின் படையில் இருந்தவர்களை விடுதலைக்குப் பிறகும் ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. ஆகவே விடுதலையின் பெயரைத் தாங்கிய அந்தப் பதக்கம் அவர்கள் மார்பில் ஏறவில்லை. கோரிக்கையின் முதல் பத்தியில் நிற்க வேண்டிய செய்தி இது. படம் வரைந்த மும்முரத்தில் அதை எழுதவே மறந்திருந்தார்கள்.

“முதன்முதலாக” என்று எழுதுவது

நேதாஜி விருதுகளை நிறுவியே இருந்தார். ஷேர்-ஏ-ஹிந்த், சர்தார்-ஏ-ஜங், வீர்-ஏ-ஹிந்த், ஷஹீத்-ஏ-பாரத் என்று அவற்றுக்குப் பெயர்களும் படிநிலைகளும் இருந்தன. நாம் கேட்பது அந்த மரபின் தொடர்ச்சி. அப்படி எழுதினால் கோரிக்கைக்கு வலு கூடும்.

அரசமைப்புச் சட்டத்தைச் சொன்னதும் பின்வாங்குவது

பட்டங்களைத் தடுக்கும் 18-ஆம் பிரிவே படைத்துறைச் சிறப்புகளுக்கு விலக்கு அளித்திருக்கிறது. படித்துக் காட்டுங்கள்.

காகிதம் வைத்திருப்பவருக்கே விருது என்று விதி எழுதுவது

இந்த ஒரு தவற்றை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

1990-களின் கடைசியில் நான் எழுதிய முதல் வரைவில், “சிறைச் சான்றிதழ் அல்லது படையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான ஆவணம் உள்ளவர்கள் தகுதியுடையவர்கள்” என்று ஒரு விதி இருந்தது. தியாகிகள் ஓய்வூதியத்துக்கான விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய கை அப்படித்தான் எழுதும். நேர்த்தியான விதி என்று எனக்குப் பெருமை வேறு.

அந்த வரைவோடு கண்டனூர் பக்கம் ஓர் ஆச்சியைப் பார்க்கப் போனேன். அவருடைய கணவர் மலாயாவின் ஈப்போவில் வட்டிக்குப் பணம் கொடுக்கும் ஒரு லேவாதேவிக் கடைக்கு அடுத்தாளாக, அதாவது முகவருக்கு உதவியாளராக, கொண்டுவிக்கப் போனவர். ஜப்பானியர் மலாயாவுக்குள் நுழைந்த பிறகு கடிதம் நின்றுபோனது. போர் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், அவரை ரங்கூனில் படை உடையில் பார்த்ததாகவும், பர்மாவிலிருந்து பின்வாங்கும்போது காய்ச்சலில் இறந்துபோனதாகவும் சொல்லியிருக்கிறார். ஆச்சியிடம் இருந்தவை மூன்று பொருள்கள்: கடைக்குப் போகும்போது எழுதிக்கொண்ட சம்பளச் சீட்டு (வேலை ஒப்பந்தம்), ஒரு புகைப்படம், கடைசிக் கடிதம். நான் விதியைப் படித்துக் காட்டினேன். “அவர்கள் ஜெயிலுக்குப் போகவில்லை தம்பி, சண்டைக்குத்தானே போனார்கள்” என்றார் ஆச்சி.

எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. விதியை மாற்றாமல் அனுப்பினேன். நீண்ட காலம் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. நாங்கள் சொன்ன தகுதிப்படி எங்கள் வட்டாரத்தில் தேறுகிறவர்கள் மிகச் சிலர், அவர்களும் ஓய்வூதியம் பெறுகிறவர்கள், ஆகவே தனி விருது தேவையில்லை என்று கோப்பை முடித்திருந்தார்கள். எங்கள் விதியை வைத்தே எங்கள் கோரிக்கையை முடித்துவிட்டார்கள். மறுபடி எழுதுவதற்குள் ரங்கூனில் பார்த்ததாகச் சொன்ன அந்தச் சாட்சி இறந்துவிட்டார். அவர் வாக்குமூலத்தை நான் எழுதி வாங்கியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆச்சியும் போய்ச் சேர்ந்தார்.

காகிதம் ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொண்டால்தான் விதியைச் சரியாக எழுத முடியும். அந்தப் படையில் இரண்டு வகையினர் இருந்தார்கள். சிங்கப்பூர் 1942 பிப்ரவரியில் வீழ்ந்தபோது பிடிபட்ட பிரிட்டிஷ் இந்திய ராணுவச் சிப்பாய்கள் ஒரு வகை. போருக்குப் பின் ஆங்கிலேயர்கள் அவர்களை விசாரித்து, தங்களுக்கு எவ்வளவு விசுவாசமானவர்கள் என்பதை வைத்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வகைப்படுத்தினார்கள். அதனால் அவர்களுக்கு ஏதோ ஒரு கோப்பு உண்டு. மலாயாவிலும் பர்மாவிலும் தோட்டங்களிலும் கடைகளிலும் வேலை பார்த்து, நேதாஜி 1943-இல் அழைத்ததும் சேர்ந்தவர்கள் இன்னொரு வகை. தமிழர்களில் மிகப் பலர் இந்த வகைதான். இவர்களுக்கு முன்பு எந்தப் படையிலும் பதிவு இல்லை. போர் முடிந்ததும் பெரும்பாலோர் வழக்கும் இல்லாமல் சான்றும் இல்லாமல் கலைந்து போனார்கள். ஆங்கிலேயர் கையில் பெயர்கள் சிக்கக் கூடாது என்று படையினரே எரித்த காகிதங்களும் உண்டு. தோழர்களைக் காப்பதற்காக எரித்தார்கள். அந்தச் சாம்பலைக் காட்டி அவர்கள் பேரனிடம் “சான்று எங்கே” என்று கேட்பது என்ன நியாயம்?

அயர்லாந்து இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். அங்கே நடந்தது கொரில்லாப் போர். சம்பளப் பட்டியல் எதுவும் கிடையாது. 1930-களில் ஓய்வூதியத்துக்காக முன்னாள் அதிகாரிகள் படைப்பிரிவு வாரியாகக் கூடி, தங்களோடு இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்தார்கள். 1941-இல் விடுதலைப் போருக்கான பதக்கத்தை நிறுவியபோது, நேரடியாகப் போரிட்டவர்களுக்கு ரிப்பனின் மேல் ‘போர்’ என்று பொருள்படும் ஐரிஷ் சொல் பொறித்த பட்டை. துணை நின்றவர்களுக்குப் பட்டையில்லாத அதே பதக்கம். கூட்டுச் சாட்சியும் வேலை செய்தது, தரமும் கெடவில்லை.

நம் ஊரில் கூட்டுச் சாட்சி சொல்ல இன்று யாரும் மிச்சமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறைமுகச் சான்றுகளைக் கோத்துப் பார்க்கலாம். சம்பளச் சீட்டு அவர் எந்த ஊருக்கு, எந்த ஆண்டு போனார் என்று சொல்லும். கடைப் பேரேட்டில் அவர் கையெழுத்து எந்த நாளோடு நிற்கிறது என்று பார்க்கலாம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பமானால், மணமானவர்களைக் கோயில் வாரியாகப் பதியும் புள்ளிக் கணக்கில் திருமணம் தெரியும். கப்பல் டிக்கெட், ஊர் திரும்பியவர்களின் குடும்பங்களில் வழங்கும் செய்தி, ஒரே புகைப்படம் இரண்டு வீடுகளில் இருப்பது, எல்லாமே கணக்கில் வரும். ‘இவற்றில் ஏதேனும் மூன்று ஒன்றோடொன்று பொருந்தினால் போதும்’ என்று விதி எழுதுங்கள். கோட்டையூர்ப் பிள்ளைகளின் வரைவில் என் பழைய விதி அப்படியே இருந்தது. சிவப்பு மையால் அதை நானே அடித்தேன்.

பரம்வீர் சக்கரத்தையே கேட்பது

நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான அது 1950 ஜனவரி 26-இல் நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லுபடியாகிறது. நேதாஜியின் படை போரிட்ட இம்பால் போர் 1944. கதவு அங்கேயே மூடிக்கிடக்கிறது. தனி விருதுதான் வழி.

எல்லாரையும் ஒரே பதக்கத்தில் அடைப்பது

திருப்பத்தூரில் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களையும், 1942-இல் திருவாடானைச் சிறையை உடைத்து விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை மீட்ட மக்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று ஒரு தம்பி கண்கலங்கிப் பேசினார். அவர் உணர்வு எனக்கும் உண்டு. இது எங்கள் மண். ஆனால் எல்லையில்லாத விருதுக்கு எடையும் இருக்காது. பிரான்சின் விடுதலைக்காகப் போரிட்ட தளபதி தெகோல் 1940 நவம்பரில் நிறுவிய விடுதலை விருது 1,038 பேருக்கு மட்டுமே போனது. 1946-இல் அதை முடித்தும் விட்டார்கள். வங்கதேசம் 1971 போருக்குத் தந்த வீர விருதுகளில் உயர்ந்ததைப் பெற்றவர்கள் 7 பேர். எந்தப் போர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று முதல் விதியிலேயே வரையறுங்கள்.

பெண்களைக் கடைசி வரியில் சேர்ப்பது

நேதாஜி அமைத்த பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் பெரும் பகுதி மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். முதல் விதியிலேயே “வீரர், வீராங்கனை” என்று எழுதுங்கள்.

ஓய்வூதியத்தோடு முடிச்சுப் போடுவது

போடாதீர்கள். நிதித்துறைக்குப் போன கோப்பு திரும்பி வராது.

குடும்பத்திடம் அசலை வாங்கிச் செல்வது

நகல் எடுத்துத் தருகிறேன் என்று வாங்கிப் போய்த் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். திண்ணையில் உட்கார்ந்தே படம் எடுங்கள். எடுத்து முடித்ததும், அந்த வீட்டுப் பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிரங்குப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.