அரிசி வாளிக்குள் ஒளித்த குளிசை: மனச்சோர்வில் நாம் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் இருக்கும் என் சித்தி தன் மனச்சோர்வுக் குளிசை அட்டையை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருந்தா. உறையில் இருந்த கிளினிக் பெயரையும் கிழித்துவிட்டா. யாராவது கண்டால் மகளின் கல்யாணப் பேச்சு குழம்பிவிடும் என்ற பயம்.

கொழும்பில் இந்தப் பயத்துக்குப் பெயர் அங்கொடை. தேசிய மனநல நிறுவனம் இருக்கும் ஊரின் பெயரையே ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். உண்மையில் மனச்சோர்வு உள்ள பெரும்பாலானோருக்கு வாட்டில் தங்கவே தேவையில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் மனநல கிளினிக்கில் காட்டி, அன்றே வீடு திரும்பலாம். காசும் இல்லை.

சித்தி முதலில் கவலை என்று சொல்லவேயில்லை. தலைப்பாரம், உடம்பு உளைவு, விடியப்புறம் மூன்று மணிக்கே முழிப்பு என்றுதான் சொன்னா. நாங்கள் பிறஷரும் சீனியும் பார்த்து, "ஒண்டுமில்லை, யோசிக்காதேங்கோ" என்றோம். இரத்தச்சோகையும் தைராய்டும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எதிலும் மனம் ஒட்டாமல், நித்திரையும் பசியும் கெட்டு இரண்டு வாரம் தாண்டினால், அது சோம்பல் இல்லை. கோயிலில் நூல் கட்டுவதில் குறை இல்லை; நூலைக் கட்டிவிட்டு வைத்தியரிடம் போகாமல் விடுவதுதான் பிழை.

அதைவிடப் பெரிய பிழை, குளிசையைப் பாதியில் விடுவது. குணம் தெரியத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும்; வயிற்றுப்பிரட்டலோ முதல் நாட்களிலேயே வந்துவிடும். "இது ஒத்துவரேல்லை" என்று பலர் நிறுத்துவது அப்போதுதான். சுகமான பிறகும் குறைந்தது 6 மாதம் போட வேண்டும். வைத்தியர் சொல்லித்தான் மெல்லக் குறைக்க வேண்டும். இவை பழக்கமாகிவிடும் நித்திரைக் குளிசைகள் அல்ல.

"சாகலாம் போல இருக்குதா?" என்று கேட்கவும் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஏற்கெனவே இருந்தால் சொல்ல வழி கிடைக்கும். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமில்லை. பொலிஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பிந்தாதீர்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி எண்ணான 1926க்கு இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம்.

நான் விட்ட பிழையும் ஒன்று உண்டு. சித்திக்குச் சிங்களம் ஓடாது என்று முதல் நாள் நானே எல்லாம் சொன்னேன். அவ வாயே திறக்கவில்லை. அடுத்தமுறை தமிழ் தெரிந்த வைத்தியர் இருக்கும் நாளைக் கேட்டுக் கூட்டிப் போனேன். நான் வெளியே வாங்கில் இருந்தேன். சித்தி உள்ளே அரை மணித்தியாலம் கதைத்தா.