மிகுபுனைவில் போரும் காதலும்: வரைபடத்தை அப்புறம் வரையலாம்

படித்துப் பார்க்கச் சொல்லி நண்பர்கள் எழுதி அனுப்பும் மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களில் முதல் பக்கமே வரைபடமாக இருக்கும். ஏழு ராச்சியம், இரண்டு நிலா. நான் அதைத் தள்ளிவிட்டு, படை எப்படி நடக்கிறது என்றுதான் கேட்பேன். பக்கத்தில் நிற்பவன் யார்? அவன் செத்தால் யாருக்கு ஆள் அனுப்புவார்கள்?

மாதிரிக்குப் பண்டைய கிரேக்கத்தின் தீப்ஸ் நகரத்துப் புனிதப் படையை எடுத்துக்கொள்ளுங்கள். 300 பேர், ஆண் காதலர் இணைகளால் ஆனது என்பார்கள். கி.மு. 338இல் கைரோனியாவில் மாசிடோனியர்களிடம் அழிந்தது. அங்கிருக்கும் கல் சிங்கத்தருகே தோண்டியபோது 254 எலும்புக்கூடுகள் வரிசைவரிசையாகக் கிடைத்தன. அந்தப் படையினர்தான் என்று பெரும்பாலும் கருதுகிறார்கள். 300இல் 254 போக 46. உங்கள் நாயகனை அந்த 46இல் உயிர் தப்பிய ஒருவனாக வைத்து எழுதத் தொடங்குங்கள்.

அடுத்து அவன் உடம்பு. கிரேக்க வீரனுக்குக் கேடயம் இடக்கையில். அதில் பாதி அவனை மறைக்கும், மீதி இடப்பக்கத்தவனை. அவனுடைய வலப்பக்கத்துக்கு அடுத்தவனின் கேடயம்தான் காவல். அந்த அடுத்தவன்தான் காதலன், செத்த 254 பேரில் ஒருவன் என்றால்? பத்து வருடம் கழித்தும் இவன் வலது தோளைச் சுவரோடு உரசியபடிதான் தெருவில் நடப்பான். சத்திரத்தில் வலது மூலை கிடைக்காவிட்டால் சாப்பிடாமல் எழுந்து போவான். இதை எழுதிவிட்டால் "பழைய நினைவுகள் வாட்டின" என்ற வரியே வேண்டாம்.

புதிதாக ஒருவன் வரட்டும், தாராளமாக. ஆனால் ஒரு முத்தத்தில் எல்லாம் சரியாகிவிட வேண்டாம். முதல் உலகப் போரில் மனம் சிதைந்து எடின்பரோவில் சிகிச்சைக்கு வந்த கவிஞர் வில்பிரட் ஓவனை, மருத்துவர் ஆர்தர் பிராக் வேலையில்தான் ஈடுபடுத்தினார். ஓவன் மருத்துவமனைப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். உங்கள் ஆளுக்கும் ஒரு வேலை கொடுங்கள், கொல்லுப்பட்டறையோ குதிரை லாயமோ. புதியவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதை அங்கே காட்டலாம்.

ஊர் இவர்கள் காதலை ஏற்கிறதா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். டிராகன் பறக்கும் ஊரிலும் நம் தெருவின் வம்புப்பேச்சுதானா?

மந்திரம் கடைசியில். செத்தவனை எழுப்பும் மந்திரம் மட்டும் கூடாது. வைத்தால், மற்ற 253 பேரையும் ஏன் எழுப்பவில்லை என்று வாசகர் கேட்பார்.